அறிவுரைக்கு அப்பால்: புகைப்பழக்கமும் நோயாளர் பராமரிப்பும்

புகைத்தல் மக்ரூஹா, ஹராமா என்னும் விவாதம் மார்க்க அறிஞர்களிடையே நான்கு நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. தீர்ப்பு எதுவாயினும், அப்பழக்கத்திலிருந்து மீள விழையும் மனிதருக்கு எவ்வகை உதவி பயன் தரும் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. அதற்கு மருத்துவ ஆய்வுகள் தெளிவான விடை தந்துள்ளன.

மருத்துவமனையில் படுத்திருக்கும் நாள்கள் மீட்சிக்கு உகந்தவை. நோயின் அச்சம் உள்ளத்தை நெகிழ்விக்கிறது. அங்கே புகைக்கவும் தடையுண்டு. ஆயினும் வழக்கமான பராமரிப்பில் நோயாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘விட்டுவிடுங்கள்’ என்னும் அறிவுரை மட்டுமே. நிகோட்டினுக்குப் பழகிய மூளையோ, அது கிடைக்காதபோது எரிச்சலையும் உறக்கமின்மையையும் தோற்றுவிக்கிறது. வீடு திரும்பியதும் பழைய சூழல் எதிர்கொள்கிறது, உறுதி தளர்கிறது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக இதய நிலையம் இதற்கு ஒரு மாற்று முறையை வகுத்தது. அனுமதிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் புகைப்பழக்கம் பற்றி வினவிப் பதிவு செய்தல், படுக்கையருகே ஆலோசனை கூறல், நிகோட்டின் ஒட்டுப்பட்டை முதலிய மருந்துகள் அளித்தல், வீடு திரும்பிய பின்னரும் பல மாதங்கள் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தல் ஆகியன அதன் கூறுகள்.

ஒண்டாரியோ மாநிலத்தின் 14 மருத்துவமனைகளில் 1,367 நோயாளரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஆறு மாத முடிவில் புகையை விட்டிருந்தோர், வழக்கமான பராமரிப்பில் 20 விழுக்காடு. புதிய முறையில் 35 விழுக்காடு. ஓராண்டுக்குள் இறந்தோர் முன்னதில் 11.4 விழுக்காடு, பின்னதில் 5.4 விழுக்காடு. இவ்விரு பிரிவினரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர் அல்லர். ஆகவே உயிரிழப்பின் வேறுபாடு முழுவதையும் இம்முறைக்கே உரியதாக்குவது முறையன்று. எனினும் புகையை விடுவதில் இம்முறை தரும் பயனுக்கு வேறு சான்றுகளும் உள. 2012இல் 50 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் திறனாய்வு, மருத்துவமனையில் தொடங்கி வீடு திரும்பிய பின் ஒரு மாதத்துக்கு மேலும் நீளும் ஆலோசனை, விடுவோரின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்துவதாகக் கண்டது. அதனினும் குறுகிய உதவிக்கு அத்தகைய பயன் புலப்படவில்லை.

எனவே பயனைத் தீர்மானிப்பது அறிவுரையின் கடுமையன்று, உதவியின் தொடர்ச்சியே என நாம் உணரலாம். இவ்வுண்மை நம் மரபுக்கு அந்நியமானதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனை, நலம்பெற்று வெளியேறுவோரின் தேவையையும் கருத்தில் கொண்டிருந்தது என வரலாற்றாசிரியர் கூறுவர்.

நோய் விசாரித்தலை ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் ஆற்றவேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. புகைப்பவரை இழித்துரைப்பது எளிது. அவர் வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில், உறுதி தளரும் வேளையில், கதவைத் தட்டி நலம் கேட்பது அரிது. அவ்வரிய செயலே உயிர் காக்கும் மருந்தாக அமையக்கூடும்.