ஐயர் வேலையா, நம்ம வேலையா?

சாரல் நேரத்தில் குற்றாலத்தில் டீயை ஆறவிடக் கூடாது. ஐந்தருவிச் சாலையோரக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பி மட்டும் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். தென்காசியில் வங்கி வேலை. சபையில் கொடுத்த கைப்பிரதிக் கட்டு மூன்று வாரமாகப் பையிலேயே கிடக்கிறதாம். ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணாச்சி, சுவிசேஷம் சொல்றது ஐயரும் உபதேசியாரும் பார்க்கிற வேலைதானே? கவுண்டர்ல பணம் எண்ணுறவனுக்கும் அது கடமையா?"

(வெளியூர்க்காரர்களுக்கு: நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. சபைகளில் ஐயர் என்றால் குருவானவர்.)

கேள்வி பழையது. 'சகல ஜாதிகளிடமும் போங்கள்' என்று மத்தேயு கடைசியில் வரும் கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டது என்று ஐரோப்பாவில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் பலர் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி 1792இல் அதை மறுத்து ஒரு சிறு நூல் எழுதினார். மறு வருஷமே வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா இருக்கிறார். 1903இல் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். ஆளும் நம்மவர், பணமும் நம்மவர் பணம். ஊழியத்துக்கு எடுத்துக்கொண்ட இடமோ நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல். நெல்லைக்காரர்கள் தெலுங்கு எழுத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1912இல் அசரியாவே அங்கே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலையில் தாமே கைவைத்து, 'சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ' என்று பவுலின் வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது. அசரியா ஏற்படுத்திய வழக்கம் இது. அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா கூலிக்காரர்கள். பலருக்கு எழுத்தே தெரியாது. மேடையேறி அவர்கள் என்ன பிரசங்கம் பண்ணிவிடப் போகிறார்கள்? ஆனால் அவர்கள் நடையுடை மாறியதைக் கண்டுதான் பக்கத்துத் தெரு மேல்சாதிக்காரர்களும் சபையைத் தேடி வந்தார்கள்.

"அப்போ எல்லாருக்கும் கடமைதான்னு சொல்றீங்க."

சாட்சி எல்லாருக்கும். பிரசங்கம் சிலருக்கு. எபேசியர் நிருபத்தில் பவுலே 'சிலரைச் சுவிசேஷகராக' என்றுதான் கணக்குச் சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தைப் பார்: துன்பம் வந்தபோது அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருந்துவிட்டார்கள், சிதறி ஓடிய சாதாரண ஜனந்தான் போன இடமெல்லாம் பேசியது. பேதுரு சொல்வது இன்னும் பதமாக இருக்கும்: உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவனுக்குச் சாந்தமாகப் பதில் சொல்ல ஆயத்தமாயிரு. கேட்கிற அளவுக்கு நீ வாழ்ந்தாக வேண்டும் என்பது அதற்குள்ளேயே அடக்கம்.

இந்த ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்த நாளில் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கம்பனைச் சொன்னார். அவருக்கு யார் உத்தரவு போட்டது? ருசி கண்டவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சமயம் வேறு, கவிதை வேறுதான். ஆனால் மனசு வேலை செய்கிற விதம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1981இல் மீனாட்சிபுரத்து ஜனங்கள் இஸ்லாத்துக்கு மாறியபோது நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. இங்கே மதப் பேச்சை எடுப்பவர் அதை மறந்துவிடக் கூடாது.

தம்பி ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தான். "இந்தக் கட்டை என்ன செய்ய?"

கேட்கிற சிநேகிதனுக்குக் கொடு. லோனுக்கு உன் கையெழுத்தை எதிர்பார்த்துக் கவுண்டரில் நிற்கிறவரிடம் மட்டும் நீட்டாதே. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி கிடையாது.