லொறி எஞ்சினை வீட்டில் துப்புரவு செய்தல்

மாணவர்களே,

வெப்பம், ஓட்ட மின்னியல், அமிலங்களும் மூலங்களும் என நீங்கள் தனித்தனி அலகுகளாகக் கற்பவை யாவும் ஓரிடத்தில் ஒன்றுசேர்வதைக் காண விரும்பினால், வீட்டு முற்றத்தில் நிற்கும் கன்ரர் லொறியின் எஞ்சினைப் பாருங்கள். "காரணம் தருக" என்னும் வினாக்களுக்கு விடை எழுதத் தடுமாறுவோருக்கு இதைவிடச் சிறந்த செயன்முறை கிடைப்பது அரிது. ஆனால் பிழையாகச் செய்தால் கை வெந்துபோகலாம், எஞ்சினும் பழுதாகலாம். ஆகவே அப்பாவோ மாமாவோ உடன் நிற்கும்போது மாத்திரம் இதில் இறங்குங்கள்.

எஞ்சினில் கசியும் எண்ணெயில் தெருத் தூசி ஒட்டிக் கரிய படையாகத் தடிக்கின்றது. இப்படை வெப்பத்தை நன்கு கடத்துவதில்லை. எனவே எஞ்சினின் வெப்பம் வெளியேறுவது தடைப்படும். புதிய கசிவு எங்கே தொடங்கியது என்பதும் அழுக்கினுள் மறைந்துவிடும். இவற்றைவிடப் பாரதூரமானது தீ. சூடான புகைக்குழாயின் மேல் எண்ணெய் படிந்திருந்தால் அது தீப்பற்றக் கூடும்.

முதலில் எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். ஓடும் எஞ்சினின் குளிர்த்தும் நீர் ஏறத்தாழ 80 - 90 பாகை செல்சியசில் இருக்கும். புகைக்குழாய் அதனிலும் பன்மடங்கு சூடானது. அதன்மீது குளிர்நீரை ஊற்றினால் வெளிப்புறம் சடுதியாகச் சுருங்க, உட்புறம் விரிந்த நிலையிலேயே இருக்கும். வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையதாகையால் அது வெடிக்கலாம். சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் ஊற்றிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

கன்ரர் போன்ற லொறிகளில் எஞ்சின் ஆசனத்தின் கீழ் இருப்பதால் கபினை முன்னோக்கிச் சரிக்க வேண்டும். இதைப் பெரியவர்களே செய்யட்டும். லொறி சமதரையில் நிற்க வேண்டும், கைத்தடுப்பு இழுக்கப்பட்டிருக்க வேண்டும், சில்லுகளுக்கு அடைகட்டை வைக்க வேண்டும். கபினைத் தாங்கும் கோல் அதன் பூட்டில் சரியாக விழுந்ததை உறுதிசெய்யும்வரை எவரும் கீழே தலையை நீட்டலாகாது.

அடுத்தது பற்றரி. மறை முனையின் கம்பியையே முதலில் கழற்ற வேண்டும். ஏன்? வாகனத்தின் உலோக உடல் முழுவதும் மறை முனையுடன் இணைக்கப்பட்டுள்ளது. நேர் முனையை முதலில் கழற்றும்போது சாவி உடலில் முட்டினால் குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பெரிய மின்னோட்டம் பாயும், தீப்பொறி பறக்கும். ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளியேறும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மறை முனை முதலில் கழன்றிருந்தால் சுற்று பூரணமாகாது. மீண்டும் பூட்டும்போது நேர் முனை முதலில், மறை முனை கடைசியில். பரீட்சையில் இந்த ஒழுங்கை மாறி எழுதுவோர் அதிகம்.

பற்றரி முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருப்பதை வெறுங்கையால் தொடவேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு தம்ளர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச் சோடா கரைத்துப் பூசுங்கள். நுரைத்து எழுவது காபனீரொட்சைட்டு ஆகும். சல்பூரிக்கமிலமும் சோடியம் இருகாபனேற்றும் தாக்கமுற்றுச் சோடியம் சல்பேற்று, நீர், காபனீரொட்சைட்டு என்பவற்றைத் தருகின்றன. பற்றரியின் மூடிகள் இறுக்கமாக இருத்தல் அவசியம். கரைசல் உள்ளே சென்றால் அங்குள்ள அமிலமும் நடுநிலையாக்கப்பட்டுவிடும்.

இனி நீர் புகக்கூடாத இடங்களைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்ட வேண்டும். மின்பிறப்பாக்கி, உருகிப் பெட்டி, புதிய வாகனமாயின் கணினிப் பெட்டி ஆகியன இவற்றுள் அடங்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது வளி உட்செல்லும் வாய். நெருக்கல் அடிப்பில் முசலம் வளியைச் சிறு கனவளவினுள் நெருக்குகின்றது. வளிக்குப் பதிலாக உருளையினுள் நீர் இருந்தால் அது நெருங்காது. முசலம் நடுவழியில் நிற்க, அதன் இணைப்புக் கோல் வளைந்துவிடும். ஒரு குவளை நீரால் முழு எஞ்சினும் பாழாகக்கூடும் என்பது மிகைக்கூற்றன்று.

கழுவும் முறை பற்றி ஒரு வார்த்தை. சிலர் பெற்றோலைத் துணியில் நனைத்துத் துடைப்பர். இது கூடவே கூடாது. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் தீப்பற்றும் ஆவியைத் தருகின்றது. மண்ணெண்ணெய் அவ்வளவு விரைவில் பற்றாவிடினும் இறப்பர்க் குழாய்களையும் பட்டிகளையும் ஊதவைத்துக் கெடுக்கும். சவர்க்காரக் கரைசலே போதும். சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் நாடுவதால் எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீருடன் கழுவப்படும்.

ஆயினும் உடனே நீரூற்றாதீர்கள். தடித்த அழுக்கை முதலில் மரச்சீவலாலும் பழைய தூரிகையாலும் உலர்ந்தபடியே சுரண்டி, கீழே விரித்த சாக்கில் சேருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பின்னர் கரைசலைத் தூரிகையால் தேய்த்து, காயுமுன் மேலிருந்து கீழாக மெல்லிய நீரோட்டத்தால் அலசுங்கள். உயரமுக்க நீர் மின் இணைப்புகளின் இறப்பர் அடைப்பையும் தாண்டிச் செல்லும். வீட்டில் அது வேண்டாம்.

கழுவிய நீர் எங்கே போகின்றது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா அலட்சியம் செய்யத்தக்கதன்று. இங்கு தரையின் கீழே சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீர் நிற்கின்றது. மேலே ஊற்றுவது கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2015 இல் வழக்காகி, 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றதை அறிந்திருப்பீர்கள். எனவே கிணற்றுக்கு எட்டவே வேலை செய்யுங்கள். வழியும் எண்ணெய்க்கு மரத்தூள் தூவி உறிஞ்சவைத்து அள்ளுங்கள்.

துணியால் ஒற்றி, ஓரிரு மணித்தியாலம் வெயிலில் உலரவிடுங்கள். பொலித்தீன் பைகள் எல்லாவற்றையும் எண்ணி அகற்றியபின் பற்றரியைப் பூட்டுங்கள். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்போல் இருந்தால் நீர் கலந்துள்ளது, எஞ்சினை இயக்கக் கூடாது. தெளிவாக இருந்தால் திறந்த வெளியில் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடலாம். அவ்வேளை காற்றாடிப் பட்டியின் அருகே கையோ தளர்ந்த உடையோ செல்லக்கூடாது.

விடை எழுதிப் பழகுக:
(அ) கொட்டிலைப் பூட்டி வைத்து எஞ்சினை இயக்கினால் சேரக்கூடிய நச்சு வாயு யாது? அது குருதியின் எப்பதார்த்தத்துடன் சேர்கின்றது?
(ஆ) பற்றரி முனைகளைக் கழற்றும் ஒழுங்கைச் சுற்றுப்படம் ஒன்றின் மூலம் விளக்குக.