குட்டிக் குழந்தையோடு கடலோரத்தில் இரண்டு நாள்... கல்மண்டபத்திலிருந்து தரங்கம்பாடிக்கு!

வடசென்னை கல்மண்டபத்தில் வளரும் குழந்தைக்குக் கடல் புதிதல்ல. நடந்துபோகும் தூரத்தில் காசிமேடு. வீட்டில் வாரத்தில் பாதி நாள் மீன் குழம்பு. காற்று திரும்பினால் மாடி வரை உப்பு வாசம். ஆனால், ‘உங்கள் குழந்தை கடைசியாக மணலில் எப்போது விளையாடியது?’ என்று கேட்டால், பல பெற்றோர்கள் மெரினாவுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் யோசித்துச் சொல்வார்கள்.

காரணம், ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையின் பெரும்பகுதி இன்று மணல் அல்ல, பாறாங்கல். வங்கக்கடலின் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைச் சுமந்துசெல்கிறது. 1870-களில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது, கடலுக்குள் நீண்ட அதன் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. மணல் கிடைக்காத வடக்குப் பக்கத்தைக் கடல் அரித்தது. வீடுகளையும் தெருக்களையும் இழந்த மீனவக் குப்பங்களைக் காக்கக் கல் கொட்டினார்கள். மெரினாவுக்குக் கிடைத்த மணல், வடசென்னைப் பிள்ளைகள் இழந்த மணல் என்றே சொல்லலாம்.

அந்த மணலையும் கொஞ்சம் அமைதியையும் இரண்டு நாளாவது குழந்தைக்குக் கொடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு ஏற்ற ஊர், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடி.

ஏன் தரங்கம்பாடி?

வடசென்னைக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது பழவேற்காடுதான். ஆனால், ஏரியும் கடலும் சேரும் அந்த ஊர் காலையில் போய் மாலையில் திரும்ப ஏற்றது. கைக்குழந்தையோடு இரவு தங்க வசதி குறைவு. மாமல்லபுரத்திலோ கூட்டம் அதிகம். தரங்கம்பாடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தங்க இடம் உண்டு, நெரிசல் கிடையாது. கோட்டை வாசலைத் தாண்டினால், குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய அளவுக்கு அகலமான, வண்டி குறைந்த ராஜ வீதி.

இன்னொரு வசதியும் இருக்கிறது. தாத்தா பாட்டிக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூருக்குப் போகாத குடும்பம் குறைவு. காலையில் பூஜை, மதியம் சாப்பாடு, இரவே வேன் பிடித்துத் திரும்பிவிடுவது வழக்கம். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் தரங்கம்பாடிக் கடற்கரை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அடுத்தமுறை விசேஷத்துக்குப் போகும்போது இரண்டு நாள் சேர்த்துக்கொண்டால், தனிப் பயணச் செலவும் மிச்சம்.

குழந்தைக்குச் சொல்ல ஊரே ஒரு கதை

1620-ல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெத்தே என்ற தளபதி கப்பலில் வந்து, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டியதுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. மணல் நிற மதில், பீரங்கிகள், கடலைப் பார்த்த முற்றம் என நான்கு வயதுப் பிள்ளைக்கு அது அப்படியே கதைப்புத்தகக் கோட்டை! உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. 1706-ல் இங்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இந்த ஊரில்தான். 1845-ல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்கு அருகே கரையோரம் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய மன்னர் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சத்தைக் காக்க இங்கேயும் கல் போட்டிருக்கிறார்கள். கல்மண்டபத்துக் குழந்தைக்கு அந்தக் கல் மட்டும் பழக்கப்பட்ட காட்சியாக இருக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த ஊரின் மீனவர் பகுதியைச் சூறையாடியது. குழந்தைகள் உட்பட ஏராளமான உயிர்கள் போயின. நாம் விடுமுறைக்குப் போகும் கரை, அங்கே இருப்பவர்களுக்கு வீடும் பிழைப்பும் இழப்பின் நினைவும் ஆகும். காயவைத்த வலையை மிதிக்காமல் நடப்பது, படகில் கேட்காமல் பிள்ளையை ஏற்றாமல் இருப்பது, அனுமதியில்லாமல் யாரையும் போட்டோ எடுக்காமல் இருப்பது... இவையெல்லாம் குழந்தைக்கு நாம் சொல்லித்தராமலே கற்றுத்தரக்கூடிய பாடங்கள்.

எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். சின்னக் குழந்தையோடு அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மே மாத விடுமுறையில்தான் முடியும் என்றால், பகல் முழுக்க அறைக்குள் இருக்கத் தயாராகப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மீன் விலையும் கூடுதலாக இருக்கும்.

சென்னையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர். குழந்தையோடு அத்தனை நேரம் பஸ்ஸில் உட்காருவதைவிட ரயில் வசதி. மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸிலோ காரிலோ போகலாம். கல்மண்டபத்திலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போவதே ஒரு பயணம், எழும்பூர் பக்கம். ஆனால், உங்கள் ரயில் எழும்பூரில் புறப்படுகிறதா, தாம்பரத்தில் புறப்படுகிறதா என்று டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று பாரம்பரிய விடுதியாக இயங்குகிறது, வாடகை அதிகம். பட்ஜெட் இடிக்கிறது என்றால், திருக்கடையூரிலோ காரைக்காலிலோ அறை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் கடற்கரைக்கு வந்துபோகலாம். அறை பதிவு செய்யும்போது பால் காய்ச்சித் தருவார்களா, இரவில் குழந்தைக்கு இட்லி, கஞ்சி கிடைக்குமா, அருகில் குழந்தை மருத்துவர் எங்கே என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

கிழக்குக் கரை என்பதால், சூரியன் கடலிலிருந்து எழும். குழந்தைகள் எப்படியும் ஆறு மணிக்கு விழித்துவிடுவார்கள். நேராகக் கரைக்குத் தூக்கிப் போய்விடலாம். எட்டரை மணி வரை மணல் ஆட்டம். ஓடி வளைக்குள் ஒளியும் நண்டுகள், ஈர மணலில் சிப்பிகள், கரையேறும் படகுகள்... பொம்மை எதுவும் தேவையில்லை. ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் போதும். ஒன்பது மணி முதல் நாலரை வரை நிழலும் தூக்கமும். பிறகு இருட்டும்வரை மறுபடி மணல்.

முதல் இரவு குழந்தை தூங்காமல் அழலாம். கன்டெய்னர் லாரி ஓசையிலும் ஹார்ன் சத்தத்திலும் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு இந்த அமைதி புதிது. வீட்டில் போர்த்தும் அதே பழைய போர்வை, அதே தலையணை, வழக்கமான தாலாட்டு... இவை இருந்தால் இரண்டாம் இரவு சரியாகிவிடும்.

கடலிடம் கவனம்!

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. வங்கக்கடலின் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாகும். திரும்பிப்போகும் அலை, பெரியவர்களின் கால் மணலையே உருவிவிடும். குழந்தையைத் தண்ணீருக்குள் இறக்காமல், நுரை வந்து தொடும் இடத்தில் உட்காரவைப்பதே போதும். அங்கேயும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். யார் பொறுப்பு என்று பேசிவைத்து, அவருடைய செல்போனை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

அலை உடைந்துகொண்டிருக்கும் இடங்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அது பாதுகாப்பான இடம் அல்ல. தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் பாதையாக இருக்கலாம். கோட்டை, கோயில் பக்கமுள்ள பாசி படிந்த கற்களில் ஏறவிடக் கூடாது. கடலில் இறங்கலாமா என்பதை அங்கிருக்கும் மீனவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அதுதான் கடைசி வார்த்தை.

படகுச் சவாரி ஆசையையும் தள்ளிவையுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தையின் அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால், எந்த ஊரிலும் படகில் ஏற வேண்டாம்.

பையில் இருக்கட்டும்...

* குடிநீர்: கடலோர நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். பாட்டில் நீரோ, காய்ச்சி ஆறவைத்த நீரோ கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். அம்மா நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும்.
* ஓ.ஆர்.எஸ்: பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதியைப் போட்டுக் கண்ணளவில் கலக்கக் கூடாது.
* உடை: முழுக்கை பருத்திச் சட்டை, தொப்பி, மாற்றுத் துணி மூன்று செட். ஈரத்துணியோடு கடல்காற்றில் விடாதீர்கள்.
* மீன்: முள்ளை நீங்களே விரலால் தடவிப் பார்த்து எடுத்த பிறகு ஊட்டுங்கள். புது மீன் வகையை முதல்முறையாகப் பயணத்தில் கொடுக்க வேண்டாம்.
* சொறி மீன்: கரையில் ஒதுங்கிய ஜெல்லி மீன் செத்துக்கிடந்தாலும் அரிக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.
* குப்பைக்கு ஒரு பை: டயபரை மணலில் புதைக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வரும் கரை இது.

இரண்டு நாளுக்குப் பிறகு கல்மண்டபத்துக்குத் திரும்பியதும், துணி மூட்டையை உதறினால் ஒரு பிடி மணல் கொட்டும். ‘இந்த மணல் நம்ம ஊர்ல ஏன் இல்லை?’ என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். துறைமுகச் சுவரையும் கொட்டிய கற்களையும் பற்றி அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கடற்கரையில் வளரப்போவது அந்தப் பிள்ளைதானே!