காலர் மைக்குக்கு 48 வோல்ட் ஆகாது

சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்குக்கும் இடுப்பில் செருகும் டிரான்ஸ்மிட்டருக்கும் ஆயுள் ஒன்றல்ல. பேட்டரி கசிந்தோ, ஆன்டெனா ஒடிந்தோ, அலைவரிசை பறிபோயோ டிரான்ஸ்மிட்டர் முதலில் வீணாவதுண்டு. அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி ஏலத்தில் கைப்பேசி நிறுவனங்களுக்குப் போனதால், 2020 ஜூலை 13 முதல் பட்டையின் அந்தப் பகுதியில் வயர்லெஸ் மைக்குகளுக்கு இடமில்லாமல் போனது. பழுதே இல்லாத டிரான்ஸ்மிட்டர்களை மூலையில் வைக்க வேண்டியதாயிற்று. அவற்றோடு வந்த காலர் மைக்குகளுக்கோ அலைவரிசையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. செய்தி வாசிப்பு, நேர்காணல், ஒலிப்பதிவு என்று பேசுபவர் இடம்விட்டு நகராத வேலைகளில், அவற்றைக் கேபிள் வழியே மிக்சரில் சேர்த்துவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். தூக்கி எறிவது வீண் செலவு. குறுக்கே நிற்பது மின்னழுத்த வேறுபாடு ஒன்றுதான்.

காலர் மைக்குகளில் பெரும்பாலானவை எலக்ட்ரெட் வகை. பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. மைக்கின் உள்ளே மின்னேற்றம் நிலையாகப் பதிந்திருப்பதால் அதற்கென்று தனி மின்சாரம் வேண்டாம். ஆனால் அங்கே பிறக்கும் ஒலி சிக்னல் மிக நலிந்தது. கேபிளில் பயணிக்கும் வலு அதற்கு இல்லை. ஆகவே மைக்கின் தலைக்குள்ளேயே எஃப்இடி என்னும் சிறு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தேவை சில வோல்ட்டும், ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டமும்தான். இதுவரை டிரான்ஸ்மிட்டர் அதைக் கொடுத்துவந்தது.

மிக்சர் கொடுக்கும் ஃபேண்டம் பவரோ 48 வோல்ட். 1966-இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் மைக் செய்தபோது அமைந்த அளவு இது. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்த அந்நாட்டின் ஸ்டூடியோக்களில் துணை விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் முதல் பின் கிரவுண்ட். இரண்டாம், மூன்றாம் பின்கள் ஒவ்வொன்றுக்கும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இந்த 48 வோல்ட் வந்து சேர்கிறது.

கடையில் கிடைக்கும் சாதாரண மாற்றுக் கேபிளைச் செருகினால் என்ன ஆகும்? அத்தகைய கேபிள்கள் பலவற்றில் மைக்கின் சிக்னல் கம்பி இரண்டாம் பின்னிலும், கிரவுண்ட் கம்பி முதல், மூன்றாம் பின்களிலும் சேர்ந்திருக்கும். மூன்றாம் பின் கிரவுண்டோடு ஒட்டிக்கொள்வதால் 7 மில்லியாம்பியர் வீணாக ஓடும். அதைவிட மோசமானது இரண்டாம் பின்னில் நடப்பது. எஃப்இடி 0.3 மில்லியாம்பியர் இழுத்தால் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரில் குறைவது 2 வோல்ட்தான். மீதி 46 வோல்ட்டும் மைக்கின் தலையில் இறங்கும். இத்தகைய மைக்குகளுக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் உச்ச அளவு 10 வோல்ட். மைக் உடனே போகலாம். தப்பினாலும் ஒலி கெட்டுப்போகலாம்.

எனவே இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். ரோடு நிறுவனத்தின் விஎக்ஸ்எல்ஆர் பிளஸ், சென்ஹைசரின் எம்இசட்ஏ 900 பி போன்றவை ஆயத்தமாகவே விற்கின்றன. சால்டரிங் பழகியவர்கள் சொந்தமாகவும் செய்யலாம். இரண்டாம், மூன்றாம் பின்களிலிருந்து தலா 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒரே புள்ளியில் சேரும். அங்கிருந்து கிரவுண்டுக்கு 5.1 வோல்ட் ஜீனர் டயோடு. ஜீனர் எழுப்பும் இரைச்சலை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வடிகட்டும். வடிகட்டிய மின்சாரம் 2.2 கிலோ ஓம் வழியாக மைக்குக்குப் போனால் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 4 வோல்ட். மிக்சரிலிருந்து இந்தச் சுற்று இழுப்பது 5 மில்லியாம்பியர் அளவு. அனுமதிக்கப்பட்ட உச்சமான 10-க்குள் அடங்குகிறது. மைக்கின் ஒலி 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக இரண்டாம் பின்னுக்குப் போகும். இந்தக் கெபாசிட்டர் 63 வோல்ட் தாங்குவதாகவும், அதன் பாசிட்டிவ் முனை எக்ஸ்எல்ஆர் பக்கம் பார்த்ததாகவும் இருப்பது கட்டாயம்.

மூன்றாம் பின்னைச் சும்மா விடக் கூடாது. அதே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அதிலிருந்து கிரவுண்டுக்குத் தொடராகக் கொடுக்க வேண்டும். அந்தப் பின்னில் ஒலியே இல்லையே, எதற்கு என்று தோன்றும். மிக்சர் இரண்டு பின்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வழியில் மின்கம்பிகளிலிருந்து ஏறும் உறுமல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறினால் கழிந்துபோகும். அப்படிச் சமமாக ஏற இரண்டு பின்களின் மின்மறுப்பும் சமமாக இருந்தால் போதும். இரண்டிலும் ஒலி இருக்க வேண்டியதில்லை. அடாப்டரிலிருந்து மைக் வரையுள்ள மெல்லிய கேபிளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அடாப்டர் பேசுபவர் அருகிலும், நீளமான கேபிள் எக்ஸ்எல்ஆர் பக்கத்திலும் இருப்பதே சரி.

மைக்கின் முனை இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷூரின் நான்கு பின் இணைப்பியில் முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது 5 வோல்ட், மூன்றாவது ஒலி. சென்ஹைசரின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் நுனியே மின்சாரத்தையும் ஒலியையும் சுமக்கிறது. உள்ளே மூன்று கம்பிகள் ஓடும் மைக்குகளும் உண்டு. தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்க்காமல் கம்பியை வெட்டக் கூடாது.

வேலை முடிந்ததும் மைக்கைச் செருகாமல், ஃபேண்டம் பவரை மட்டும் போட்டு, மைக் செருகும் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சரி. 30-ஐத் தாண்டினால் ஜீனர் சரியாகச் சேரவில்லை. ஒரு வோல்ட்டுக்கும் கீழே நின்றால் அது தலைகீழாகப் பொருந்தியிருக்கிறது. அளவு சரியென்றால் ஃபேண்டம் பவரை அணைத்து, ஃபேடரை இறக்கி, மைக்கைச் செருகிய பிறகு மீண்டும் போடலாம். கெபாசிட்டர்கள் நிரம்பச் சில நொடிகள் ஆகும். அதன் பிறகே ஃபேடரை ஏற்ற வேண்டும்.