எரிமலைக் கரையில் ஒரு மணற்குன்று



மணற்குன்று என்றால் பாலைவனத்தையும், எரிமலை என்றால் இந்தோனேசியாவையும் நாம் நினைத்துக்கொள்வோம். இவ்விரண்டும் கடற்கரையில் அருகருகே இருக்கும் ஓரிடம் ஐரோப்பாவில் உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கே, அல்மெரியா வட்டாரத்தில், மத்தியதரைக் கடலை நோக்கி நிற்கும் காபோ தே காத்தா முனைதான் அது. 1987ஆம் ஆண்டில் அதனை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். 1997இல் அது யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. நம் தோட்டப்புறங்களில் அடைமழைக் காலத்தில் ஒரே மாதத்தில் அவ்வளவு பெய்துவிடும். எத்தனை நாள் வெட்டு கெட்டது என்று பால்மரம் வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்! மழை குறைவு என்பதால் அங்கே காடு இல்லை. காடு இல்லாததால் மலையின் எலும்பு அப்படியே வெளியே தெரிகிறது.

அந்த மலைகள் சுமார் 150 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்வரை நெருப்பைக் கக்கியவை. இன்று முற்றிலும் அவிந்துவிட்டன. கரிய பாறை, சிவந்த பாறை, வெளிறிய சாம்பற்பாறை என்று நிறம் மாறி மாறி வரும். சில இடங்களில் பாறை தூண் தூணாக நிற்கிறது. யாரும் செதுக்கியதன்று. குளத்துச் சேறு காயும்போது வெடிப்பு விடுகிறதல்லவா? அதுபோல, எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது வெடித்துத் தூண்களாகிறது. ஒரு காலத்தில் அந்தத் தூண்களை வெட்டித் தெருவில் பாவும் கல்லாக விற்றார்கள்.

இனி மோன்சுல் கடற்கரைக்குப் போவோம். அலை மணலை ஒதுக்குகிறது. வெயில் அதைக் காயவைக்கிறது. காய்ந்த மணலைக் காற்று தள்ளும்போது மணிகள் பெரும்பாலும் தவளை போலத் தத்தித் தத்தித்தான் போகும். எதிரே மலைச்சரிவு வந்ததும் காற்று தளர்ந்து மணலைக் கீழே போடுகிறது. அப்படிச் சேர்ந்த மணல் மலைமேல் சாய்ந்து ஏறி நிற்கிறது. 1989இல் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் திரைப்படத்தின் ஒரு காட்சியை இந்தக் கரையில் எடுத்தார்கள்.

பூங்காவின் வேறு மணல்வெளிகளில் மணலைப் பிடித்து வைப்பது ஒரு முட்புதர். நம் இலந்தைக்கு அது பங்காளி. வேரை ஆழமாக விட்டு நீர் தேடும். அதை மிதித்தோ ஒடித்தோ போட்டால் பிடிமானம் போய் மணல் நகரத் தொடங்கிவிடும். கரையில் பழுப்பாகக் குவிந்து கிடக்கும் கடற்புல்லைக் குப்பை என்று எண்ணிவிடக்கூடாது. அலை மணலை அரிக்காமல் தடுப்பது அதுதான். கோடையில் இக்கரைக்கு வரும் கார்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு; சான் ஹோசே ஊரிலிருந்து பேருந்தில் போகலாம். வெயிலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு வசந்த காலமே நல்லது. நிழல் கிடைக்காது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நம்மைப் போன்றவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ரோதல்கிலார் என்னும் சிற்றூர். எரிமலையின் வெந்நீர் பாறை வெடிப்புகளில் ஏறியபோது தங்கத்தையும் கொண்டுவந்து படிய வைத்தது. அதை எடுக்க அங்கே சுரங்கம் வந்தது. தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது. 1956இல் பெரிய ஆலையும் திறந்தார்கள். பத்தே ஆண்டில், 1966இல், வேலை நின்றுபோயிற்று. வேலை போனதும் வீடும் போயிற்று. குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பிவிட்டன. தோட்டம் கைமாறி, லயம் காலியாவதைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலையின் வட்டத் தொட்டிகளும், கூரையற்ற வீடுகளும் மலையடியில் இன்றும் நிற்கின்றன. பயணிகள் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார்கள்.