கபாலியின் கள்ளுக்கடை

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டே இடங்களில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். ஒன்று ஒழுக்கம், மற்றது கஜானா. குடிக்கிறவன் எங்கே உட்காருகிறான், யாரோடு உட்காருகிறான் என்று எவரும் கேட்பதில்லை. கடை ஒரு சமூக வெளி. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இந்த வெளிக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதை வாசித்துப் பார்ப்பதுதான் என் நோக்கம். குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

முதல் பிரதி மத்தவிலாசப் பிரகசனம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய அங்கத நாடகம். மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் இதன் பெயர் வருகிறது. கேரளத்துச் சாக்கியர்கள் ஆடி ஆடிக் காப்பாற்றியதை 1917இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அச்சேற்றினார். நம்ம காஞ்சிபுரத்து மதுக்கடை மலையாள நாட்டு ஏடுகள் வழியாகத்தான் நமக்குத் திரும்பி வந்தது.

கதை சின்னது. சத்தியசோமன் என்கிற கபாலியும் துணைவி தேவசோமையும் போதையோடு காஞ்சித் தெருவில் ஒரு மதுக்கடைக்கு வருகிறார்கள். கபாலியின் கண்ணுக்குக் கடை யாகசாலையாகத் தெரிகிறது. கொடிக்கம்பம் யூபத்தூண், மது சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், உளறல் மந்திரம், கடைக்காரன் எஜமானன். பகடிதானே என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்: கடை யாகசாலை மாதிரி இருக்கிறது என்றால் யாகசாலையும் கடை மாதிரிதான் இருந்தாக வேண்டும். பக்தின் சொல்லும் கார்னிவல் இதற்கு வெகு அருகில் வருகிறது. ஒரு சங்கடம், இந்தக் கார்னிவல் அரசாங்க அனுமதியோடு நடக்கிறது. சிரிப்புக்கு ஆளாகிறவர்கள் கபாலி, பௌத்த பிட்சு, பாசுபதன், பைத்தியக்காரன். எழுதிய ராஜா கதைக்குள் பாத்திரமாக வருவதில்லை.

அப்படியும் ஓரிடத்தில் பிரதி அவன் கையை மீறிப் போகிறது. காணாமற்போன கபாலத்தைப் பிட்சுதான் திருடினான் என்று சண்டை முற்றி, நியாயசபைக்குப் போகலாம் என்கிற பேச்சு வருகிறது. தேவசோமை ஒத்துக்கொள்வதில்லை. விகாரைகளின் சொத்தை வைத்திருப்பவன் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், நம்மிடம் என்ன இருக்கிறது என்கிறாள். பல்லவர் நீதியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல, குடித்துவிட்டு வந்த ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள். (கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்.)

கடற்கரைக்கு வந்தால் இன்னும் பழைய பிரதி கிடைக்கிறது. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்கிற ஊர். மரக்காணம் பக்கம் என்று அடையாளம் காண்பார்கள். நுளையர் வீட்டுப் பெண் வடித்த தேறலை, சுட்ட மீனோடு, வழிப்போக்கர்களான பாணர்களுக்குப் பரதவர் கொடுக்கிறார்கள். அங்கே அது விருந்து, விலை பேசப்படவில்லை.

விலையும் வரியும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கும். ஆனால் அரசு கடைக்குப் பங்காளியானது காலனிய ஆப்காரி முறையில். 1886 சட்டம் அதைக் கெட்டிப்படுத்தியது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார்; போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க விலக்கு. 1971இல் திறப்பு, 1974க்குள் மறுபடி மூடல், 1981இல் மறுபடி திறப்பு. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறைக் கடையையும் நடத்துகிறது. 2023-24இல் மது வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

கள்ளை விலக்கிவிட்டு ஆலைச் சரக்கை விற்பது ஏன்? பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் தானாகவே நுரைத்துக் கள். போதை நூற்றுக்கு நான்கைந்து பங்கு. ஒருநாள் தாண்டினால் புளித்துக் காடியாகப் போய்விடும். கிடங்கில் அடுக்க முடியாது, லாரியில் ஜில்லா தாண்ட முடியாது. மரம் நிற்கிற ஊரில்தான் கடை இருக்க முடியும். ஏறுகிறவர், பானை வனைகிறவர், மீன் வறுத்து விற்கிற கிழவி எல்லாரும் அந்தக் கடையைச் சுற்றித்தான். கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடிக்கிற சாராயத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. புட்டியில் அடைத்தால் எங்கேயும் போகும், எத்தனை நாளும் இருக்கும், முத்திரை ஒட்டிக் கணக்கு வைக்கலாம். அரசுக்கு வாகானது எது என்று சொல்லத் தேவையில்லை.

கள்ளுக்கடை ஒரு சமத்துவபுரம் என்று நான் கனவு காணவில்லை. சாதி அதன் வாசலோடு நின்றுவிடாது. காலப்போக்கில் அது முழுக்க ஆண்களின் இடமாகவும் ஆகிப்போனது. தேவசோமைகளுக்கு அங்கே பெஞ்சு இல்லை. கூலி கடையிலேயே கரைந்து, அடி மட்டும் வீட்டுக்கு வந்தபோது பெண்கள் கடையை மூடச் சொன்னார்கள். 1992இல் நெல்லூர் ஜில்லா தூபகுண்டாவில் மூண்ட சாராய எதிர்ப்பின் நியாயத்தை எந்தக் கோட்பாட்டாலும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் இன்று மிஞ்சியிருப்பது என்ன? மாமல்லபுரம் சாலையில் நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3 உரிமம் உண்டு. உட்கார நாற்காலி, பார்க்கக் கடல். கூலிக்காரனுக்குக் கம்பி வலையும் கை நுழைகிற ஓட்டையும். வாங்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போக வேண்டியதுதான். கடையில் பேச்சு இருந்தது, தெரிந்த முகம் இருந்தது, போதும்ப்பா எழுந்திரு என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது. இப்போது விற்பனை மட்டும் இருக்கிறது.

புட்டிக்கும் காசு பத்தாதவன் பாக்கெட்டுக்குப் போகிறான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு ஜில்லா சித்தாமூர் வட்டாரத்திலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். உள்ளே போனது மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பான். உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறித்து ஆளைக் கொல்லும். பாணனுக்கு மீனும் தேறலும் கொடுத்த அதே கரை.

அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் விலக்கா விற்பனையா என்கிற அதே பட்டிமன்றம் நடக்கிறது. பனையேறிக்கு வழக்கு, ஆலைக்கு ஆர்டர் என்பது எந்த ஒழுக்கத்தின் பேரால் என்று அதில் யாரும் கேட்பதில்லை. மது அரசியல் பேசும் தோழர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கூடவே, குடிக்கிறவனின் வீட்டுப் பெண்ணையும் அந்தப் பேச்சில் உட்காரவைக்க வேண்டும்.