தோத்திரமும் துப்பாக்கியும் – 11
டேலனின் நடுக்கம்

ரோனி கெண்டிக்கைப் போன இதழிலேயே பார்த்துவிட்டோம். ராணுவக் குடும்பத்தில் வளர்ந்தவர், முன்னாள் ராணுவ வீரரின் மனைவி, அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்புலகில் போர்க்கள சஸ்பென்ஸ் எழுதுபவர். அது போதும்.

இந்த வாரம் காதலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முத்தத்தோடு நின்றுவிடும் இந்த நாவல்களில் காதல் எப்படி இவ்வளவு தவிக்க வைக்கிறது என்று பார்க்க, 2012-ல் தொடங்கிய அவருடைய ‘எ ப்ரீட் அபார்ட்’ வரிசையை மறுபடி கையில் எடுத்தேன். ட்ரினிட்டி, டேலன், பேயோவுல்ஃப் என்று மூன்று நாவல்கள். மூன்றுமே நாய்களின் பெயர்கள். அங்கேயே நின்றுவிட்டேன்.

அமெரிக்க ராணுவ நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் டெக்சஸில் சான் அந்தோனியோவை ஒட்டிய லாக்லாண்ட் விமானப்படைத் தளம். அங்கேயே பிறந்து வளரும் குட்டிகளுக்குப் பெயர் வைக்கும்போது முதல் எழுத்தை இரண்டு முறை எழுதுவார்கள். ரெக்ஸ் என்றால் ‘ஆர்’ இரண்டு. பெயரைப் பார்த்ததுமே இது நம் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். இதைப் படித்த அன்று வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

இவ்வளவு ஆசையாகப் பெயர் வைத்தவர்களின் ஏட்டில், ஒரு காலத்தில் நாய் வெறும் தளவாடம். வியட்நாம் போருக்குச் சுமார் 4,000 நாய்கள் போயின. திரும்பி வந்தவை 200 சொச்சம். மற்றவற்றில் பல அங்கேயே ஒப்படைக்கப்பட்டன, பல கருணைக்கொலை செய்யப்பட்டன. ஓய்வு பெற்ற நாயை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற சட்டம் வந்தது 2000 நவம்பரில். ராபி என்ற மலினோய் நாயைத் தன்னிடம் கொடுங்கள் என்று அதனோடு பணியாற்றியவர் மன்றாடியதால் பிறந்த சட்டம் அது. பெயரே ‘ராபி சட்டம்’. ராபிக்கு அது உதவவில்லை. 2001 ஜனவரியில், நோய் முற்றிய நிலையில், அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு டேலனைப் படியுங்கள். போரில் காணாமல் போன சகோதரனின் லாப்ரடாரை ஆஸ்பென் கோர்ட்லாண்ட் தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். மோப்பம் பிடித்துத் தடம் காணப் பழகிய நாய், இப்போது சத்தம் கேட்டாலே ஒடுங்குகிறது. எங்கள் தெரு நாய் மணி தீபாவளிக்கு மூன்று நாள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலேயே கிடப்பான். பிஸ்கட்டை மூக்கருகே நீட்டினாலும் காது மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். அந்தக் காதை எனக்குத் தெரியும்.

விசுவாச நாவல்களில் பிரசங்கம் நுழைந்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். குண்டு வெடித்தபோது கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு எந்தப் பாதிரியார் பதில் சொன்னாலும் என் மனசு ஆறுவதில்லை. கெண்டிக்கின் நல்ல பக்கங்களில் அந்தக் கேள்வியை நாய் சுமக்கிறது. ஒரு முறை நம்பி அடிபட்ட உயிர் மறுபடி ஒரு கையை நம்புமா? ஆஸ்பென் காத்திருப்பதைத்தான் நான் ஜெபம் என்று வாசிக்கிறேன்.

காதலுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. தலைக்காயத்தால் படையை விட்டு வந்த ஹீத், உளவுப் பணியில் இருக்கும் டார்சி, இருவருக்கும் நடுவில் ட்ரினிட்டி. மூவரும் அடுத்த வாரம் கட்டாயம் வருவார்கள்.

(தொடரும்)